கயிறு யார் கையில்?

ஆலைக்குள் வேலை நின்றிருக்கும்போது காரணம் கேட்டால், நம் ஊரில் அடிக்கடி கிடைக்கும் பதில் "முதலாளி வரட்டுங்க" என்பதுதான். மெஷின் தயாராக இருக்கும், ஆள் இருப்பார், சரக்கும் இருக்கும். வந்திறங்கிய கம்பியின் அளவில் சின்ன வித்தியாசம். ஓட்டலாமா, திருப்பி அனுப்பலாமா என்று சொல்லத்தான் யாரும் இருக்கமாட்டார்கள். முதலாளி ஒரு கல்யாண வீட்டில் இருப்பார், போனை எடுக்கமாட்டார். சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு, "இதுக்கா நிறுத்தினீங்க? ஓட்டியிருக்க வேண்டியதுதானே" என்பார். அடுத்த முறை ஓட்டிவிடுவார்கள். லாட் முழுக்க ரிஜெக்ட் ஆகித் திரும்பி வரும். அப்போது, "என்னைக் கேக்காம யாருப்பா ஓட்டச் சொன்னது?" என்பார்.

இரண்டு முறையும் திட்டு வாங்கிய சூப்பர்வைசர் மூன்றாவது முறை என்ன செய்வார் என்று சொல்ல மேலாண்மைப் படிப்பு தேவையில்லை. எதையும் செய்யமாட்டார். முதலாளியோ, "பொறுப்பான ஆளே கெடைக்கிறதில்லை" என்று அசோசியேஷன் கூட்டத்தில் புலம்புவார்.

ஆள் சரியில்லை என்கிற இந்த நம்பிக்கையை அசைத்துப் பார்ப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. ஆட்களை மாற்றாமல் அமைப்பையும் நடத்தும் முறையையும் மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்கத் தொழில் உலகில் யாருக்கும் எளிதில் வாய்ப்புக் கிடைப்பதில்லை. 1980களில் கலிபோர்னியாவில் அப்படி ஒரு சோதனை தானாகவே நடந்தது. பழைய கதைதான். ஆனால் இதைவிடத் தெளிவாக விஷயத்தைக் காட்டும் இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

ஃப்ரீமான்ட் ஆலை

சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகே ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் ஆலை இருந்தது. ஜி.எம். ஆலைகளிலேயே மிக மோசமானது என்று பெயரெடுத்தது. எந்த நாளிலும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வந்திருக்கமாட்டார். வந்தவர்களில் சிலர் வேலை நேரத்திலேயே குடித்தார்கள். தீர்க்கப்படாத புகார்கள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன. மேலாளர்மீது கோபம் வந்தால் கார் கதவுக்குள் காலி பாட்டிலைப் போட்டு மூடிவிடுவார்களாம். வாங்கியவர் ஓட்டும்போதெல்லாம் கடகடவென்று சத்தம் வரும். அங்கே வேலை பார்த்தவர்களே பின்னாளில் சொன்னது இது. 1982-இல் ஜி.எம். ஆலையை இழுத்து மூடியது.

அந்தச் சமயத்தில் அமெரிக்க மண்ணில் கார் செய்து பழக டொயோட்டாவுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. லாபத்தோடு சிறிய கார் செய்வது எப்படி என்று கற்றுக்கொள்ள ஜி.எம்.முக்கும் ஆசை. இரண்டும் சேர்ந்து கூட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கின. நம்மி என்பது அதன் சுருக்கப் பெயர். ஆலை ஜி.எம்.முடையது, அன்றாட நிர்வாகம் டொயோட்டாவுடையது. முதல் தலைவராக வந்தவர் டொயோட்டா குடும்பத்தைச் சேர்ந்த தட்சுரோ டொயோடா. வாகனத் தொழிலாளர் சங்கத்தோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி பழைய ஆட்களுக்கே வேலையில் முதலிடம். 1984 டிசம்பரில் உற்பத்தி தொடங்கியபோது தொழிலாளர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் அதே பழைய ஃப்ரீமான்ட் ஆட்கள். சங்கமும் அதேதான். புது இயந்திரங்கள் சில வந்தன. ஆனால் ஜி.எம். அந்த ஆண்டுகளில் மற்ற ஆலைகளில் ரோபோக்களுக்காகக் கொட்டிய பணத்துக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமில்லை.

இரண்டே ஆண்டுகளில், வேலைக்கு வராதவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் என்ற அளவுக்கு வந்துவிட்டது. எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் மூன்று ஆலைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு காரைப் பூட்டி முடிக்க ஜி.எம்.மின் ஃப்ராமிங்ஹாம் ஆலைக்கு 31 மணி நேர உழைப்பு தேவைப்பட்டது. ஜப்பானில் டொயோட்டாவின் தகாவோகா ஆலைக்கு 16 மணி நேரம். நம்மிக்கு 19. நூறு காருக்கு எத்தனை குறை என்று எண்ணியதில் ஃப்ராமிங்ஹாமில் 135, தகாவோகாவில் 45, நம்மியிலும் 45. கதவுக்குள் பாட்டில் போட்ட கைகள்தான் ஜப்பானியத் தரத்தில் கார் செய்துகொண்டிருந்தன.

என்ன மாறியது?

நிறையவே மாறியது. மேலாளர்களுக்குத் தனிச் சாப்பாட்டு அறையும் தனிக் கார் நிறுத்துமிடமும் போயின. பழைய ஆலையில் வேலைப் பிரிவுகள் எண்பதுக்கும் மேல். 'அது என் வேலை இல்லை' என்பதற்கு எழுத்துபூர்வமான ஆதாரமே இருந்தது. நம்மியில் உற்பத்தித் தொழிலாளர் எல்லோரும் ஒரே பிரிவு, தனித்திறன் வேலைகளுக்கு மட்டும் இரண்டு மூன்று. இவற்றையெல்லாம் பலரும் எழுதிவிட்டார்கள். நமக்குப் பயன்படக்கூடிய இரண்டு விஷயங்களை மட்டும் இங்கே கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

முதலாவது, கயிறு. அசெம்பிளி லைன் நெடுக ஒரு கயிறு தொங்கும். போல்ட் சரியாக ஏறவில்லை, பாகம் பொருந்தவில்லை, அல்லது லைனின் ஓட்டத்துக்குக் கை ஈடுகொடுக்கவில்லை என்றால் தொழிலாளி அதை இழுக்கலாம். இழுத்ததும் லைன் பட்டென்று நிற்காது. பலகையில் அவருடைய நிலையத்தின் விளக்கு எரியும், ஒரு மெட்டு ஒலிக்கும், குழுத் தலைவர் வந்துவிடுவார். ஒரு நிலையத்தில் ஒரு கார் இருப்பது கிட்டத்தட்ட ஒரு நிமிடம்தான். அதற்குள் இருவருமாகச் சரிசெய்துவிட்டால் மறுபடி கயிற்றை இழுப்பார்கள், லைன் ஓடிக்கொண்டே இருக்கும். முடியாவிட்டால், கார் அந்த நிலையத்தின் எல்லைக் கோட்டைத் தொட்டதும் லைன் நிற்கும்.

பழைய ஃப்ரீமான்ட்டில் லைனை நிறுத்துவது ஏறக்குறைய பாவம். கோணலாகப் பூட்டிய காரும் அப்படியே நகர்ந்து போகும். கடைசியில் யார்டில் நிறுத்திவைத்து, அங்கே இருக்கும் ஆட்கள் பிரித்துச் சரிசெய்வார்கள்.

கயிற்றைப் பற்றிக் கேள்விப்பட்டதும் நம் ஆட்கள் கயிறு வாங்கக் கிளம்பிவிடுவார்கள், சிலர் எல்.இ.டி. பலகையும் மாட்டியிருக்கிறார்கள். ஆனால் அதில் பாதிக் காரியம் இழுத்ததும் வந்து நிற்கும் மனிதரைப் பொறுத்தது. நம்மியில் ஐந்து முதல் ஏழு பேருக்கு ஒரு குழுத் தலைவர். அவரும் மணிக்கூலி வாங்கும் சங்க உறுப்பினர்தான், அதிகாரி கிடையாது. குழுவின் எல்லா வேலையும் அவருக்குத் தெரியும். யாராவது விடுப்பு எடுத்தால் அந்த இடத்தில் நிற்பார், மற்ற நேரமெல்லாம் கூப்பிட்ட குரலுக்கு ஓடுவார். இப்படி நான்கு குழுக்களுக்கு ஒரு குரூப் லீடர்; அவர்தான் நிர்வாகத்தின் முதல் படி. நாற்பது பேருக்கு ஒரு சூப்பர்வைசர் வைத்துவிட்டு, அவர் தலையிலேயே வருகைப் பதிவு, ஸ்டோர்ஸ் இண்டென்ட், டிஸ்பாட்ச் எல்லாவற்றையும் கட்டிவைத்திருக்கும் இடத்தில் கயிறு மாட்டினால் என்ன ஆகும்? இழுப்பார்கள், விளக்கு எரியும், யாரும் வரமாட்டார்கள். ஒரு வாரத்தில் இழுப்பதை விட்டுவிடுவார்கள். பிறகு நீங்கள் எதை மாட்டினாலும் தொடமாட்டார்கள்.

இரண்டாவது, ஸ்டாப்வாட்ச். பழைய ஆலையில் தொழில்துறைப் பொறியாளர்கள் கடிகாரத்தோடு வந்து நின்று தொழிலாளியை அளப்பார்கள். அளக்கும்போது இவர் மெதுவாகச் செய்வார், அவர்கள் போனதும் வேகமாக முடித்துவிட்டு உட்கார்ந்துகொள்வார். இந்த நாடகம் இரு தரப்புக்கும் தெரியும். நம்மியில் கடிகாரம் குழுவின் கைக்கு வந்தது. ஒருவரை ஒருவர் அளந்து, எந்த வரிசையில் செய்தால் பாதுகாப்பாகவும் வேகமாகவும் முடிகிறது என்று பேசி, அதை எழுதிவைப்பார்கள். அடுத்த ஷிஃப்ட்டும் அதன்படியே செய்யும். நல்ல யோசனை வந்தால் எழுதியதைத் திருத்துவார்கள். இந்த ஆலையை நெருங்கி ஆராய்ந்த பால் ஆட்லர், 1993-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ இதழில் எழுதிய கட்டுரை இதைப் பற்றித்தான். அங்கே விதிகள் குறையவில்லை, கூடியே இருந்தன. விதியை யார் எழுதினார்கள் என்பதுதான் மாறியிருந்தது. 'தட்டையான அமைப்பு', 'அதிகாரப் படியே வேண்டாம்' என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த இடத்தை வசதியாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இதற்கெல்லாம் அடியில் ஒரு வாக்குறுதி இருந்தது. விற்பனை படுத்தாலும் சட்டென்று ஆளைக் குறைக்கமாட்டோம். அதற்கு முன் வெளியே கொடுத்த வேலையை உள்ளே கொண்டுவருவோம், மேலாளர் சம்பளத்தைக் குறைப்போம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். 1988 வாக்கில் அதற்குச் சோதனை வந்தது. கார் விற்காமல் ஆலையின் திறனில் அறுபது சதவீதம்கூட ஓடவில்லை. ஒருவரையும் அனுப்பவில்லை. மிச்சமிருந்த ஆட்களைப் பயிற்சியிலும் பராமரிப்பிலும் போட்டார்கள். வேலையைச் சுருக்கும் யோசனையைச் சொன்னால் தன் வேலைக்கே உலை வைத்துக்கொள்கிறோம் என்று ஒருவர் பயந்தால், எந்த ஆலோசனைப் பெட்டியும் நிரம்பாது.

எல்லாம் சொர்க்கம் என்று எண்ணிவிட வேண்டாம். வேலையின் வேகத்தைப் பற்றிச் சங்கத்துக்குள்ளேயே ஒரு தரப்பு தொடர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தது. கை, தோள்பட்டைக் காயங்கள் தொடர்பாகக் கலிபோர்னியா மாநிலப் பணிப் பாதுகாப்புத் துறை 1993-இல் ஆலைமீது நடவடிக்கை எடுத்தது. ஜி.எம். திவால் மனுச் செய்த 2009-இல் கூட்டிலிருந்து விலகியது, டொயோட்டாவும் 2010 ஏப்ரலில் உற்பத்தியை நிறுத்தியது. இன்று அந்தக் கட்டடத்தில் கார் செய்துகொண்டிருப்பது டெஸ்லா.

பார்த்துவிட்டும் ஏன் முடியவில்லை?

ஜி.எம்.முக்கு நம்மி சொந்த வீடு மாதிரி. மேலாளர்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், குறிப்பெடுத்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் அருகே வான் நைஸ் ஆலையில் குழுமுறையைக் கொண்டுவரவும் பார்த்தார்கள். அது எடுபடவில்லை, 1992-இல் அந்த ஆலையும் மூடப்பட்டது.

குழு, குழுத் தலைவர், கயிறு எல்லாம் காகிதத்தில் வந்துவிட்டன. ஆனால் ஜி.எம். ஆலைகளில் மேலாளருக்கு நல்ல பெயரும் போனஸும் கிடைப்பது, ஷிஃப்ட்டில் எத்தனை கார் வெளியே போனது என்பதை வைத்துத்தான். லைன் நின்ற ஒவ்வொரு நிமிடமும் அவர் பையிலிருந்து போகிறது. அப்படிப்பட்டவரிடம் போய், தொழிலாளி கயிற்றை இழுத்தால் சிரித்த முகத்தோடு போ என்றால் எப்படிப் போவார்? நம்மியில் பழகிய மேலாளர்களையும் ஜி.எம். ஒரே இடத்தில் சேர்த்து வைக்காமல் தன் நிறுவனம் முழுக்க ஆளுக்கொரு பக்கமாகத் தூவிவிட்டது. போன இடத்தில் எல்லாம் பழைய கணக்கே நடந்துகொண்டிருந்தது.

எனவே அமைப்பை மாற்றுவதற்கு முன்னால், இப்போது எதற்குப் பரிசு கொடுக்கிறீர்கள், எதற்குத் திட்டுகிறீர்கள் என்று பாருங்கள். மாதக் கடைசியில் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி "எத்தனை லோடு போச்சு?" என்றால், உங்கள் உண்மையான அமைப்பு அந்தக் கேள்விதான். சுவரில் மாட்டிய தரக் கொள்கையை ஆடிட்டர் மட்டும் படிப்பார்.

பச்சையாகவே இருந்த கட்டங்கள்

இதுவரை பார்த்தது அமைப்பு. தலைமைக்கு உதாரணமாக இன்னொரு கார் கம்பெனியையே எடுத்துக்கொள்கிறேன். 2006 செப்டம்பரில் போயிங்கிலிருந்து ஆலன் முலாலி ஃபோர்டின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். பில் ஃபோர்ட் தானே விலகி அந்த நாற்காலியைக் கொடுத்திருந்தார். குடும்பக் கம்பெனி நடத்துபவர்கள் இதை ஒருமுறை நின்று கவனிக்கலாம். அந்த ஆண்டு ஃபோர்டின் நஷ்டம் 1,200 கோடி டாலருக்கும் மேல். ஐரோப்பா, அமெரிக்கா, ஆசியா என்று ஒவ்வொரு பிராந்தியமும் தனித்தனிச் சமஸ்தானமாக நடந்துகொண்டிருந்தது. ஒன்றின் வலி மற்றொன்றுக்குத் தெரியாது.

முலாலி ஒவ்வொரு வியாழக்கிழமையும் எல்லாத் தலைவர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்தார். தங்கள் பகுதியின் நிலையை நிறத்தில் காட்ட வேண்டும்: சரியாகப் போனால் பச்சை, தடுமாறினால் மஞ்சள், சிக்கலென்றால் சிவப்பு. வாராவாரம் எல்லாம் பச்சையாகவே வந்தன. கம்பெனி முழுகிக்கொண்டிருக்கிறது, கட்டங்களோ வயல்வெளி. பழைய ஃபோர்டில் கூட்டத்தில் சிக்கலைச் சொன்னவர் நாற்காலியை இழப்பார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

பிறகு ஒரு வியாழக்கிழமை அமெரிக்கப் பகுதியின் தலைவர் மார்க் ஃபீல்ட்ஸ் சிவப்புக் காட்டினார். கனடாவில் ஓக்வில் ஆலையில் ஃபோர்ட் எட்ஜ் வண்டியின் பின்கதவில் கோளாறு, அறிமுகத்தை நிறுத்திவைத்திருந்தார். அறை அமைதியானது. ஆள் தொலைந்தார் என்றே மற்றவர்கள் நினைத்தார்கள். முலாலி கைதட்டினார். அவருக்கு யார் உதவ முடியும் என்று கேட்டார். மற்ற துறைத் தலைவர்கள் ஆளும் யோசனையும் கொடுக்க முன்வந்தார்கள். அடுத்தடுத்த வாரங்களில் பார்த்தால், ஃபீல்ட்ஸ் அதே நாற்காலியில் இருக்கிறார். அதன் பிறகுதான் மற்றவர்களின் கட்டங்களிலும் மஞ்சளும் சிவப்பும் தலைகாட்டின. அதே மார்க் ஃபீல்ட்ஸ் 2014-இல் முலாலிக்குப் பின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார்.

கைதட்டல் மட்டும் ஃபோர்டைக் காப்பாற்றவில்லை. கம்பெனியின் நீல முத்திரை உட்படச் சொத்துகளை அடகுவைத்து 2,300 கோடி டாலருக்கும் மேல் கடன் திரட்டினார்கள். 2008-இல் ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் டாடா மோட்டார்ஸுக்கு விற்றார்கள். 2009-இல் ஜி.எம்.மும் கிரைஸ்லரும் திவால் மனுக் கொடுத்தபோது ஃபோர்ட் கொடுக்கவில்லை. அமைப்பும் தலைமையும் எல்லா நோய்க்கும் மருந்து ஆகாது: இந்தியச் சந்தை பிடிபடாமல்போனதில் மறைமலைநகர் ஆலையை மூடுவதாக இதே ஃபோர்ட் 2021-இல் அறிவிக்க வேண்டியிருந்தது.

உங்கள் ஆலையில்

நிறுவன அமைப்பு வரைபடத்தை ஓரமாக வையுங்கள். வங்கிக்குக் கொடுப்பதற்காக வரைந்தது அது. ஒரு தாளை எடுத்து, போன மாதம் உங்கள் ஆலையில் எடுக்கப்பட்ட சில சாதாரண முடிவுகளை எழுதுங்கள். டூல் தேய்ந்துவிட்டது, புதிது வாங்கலாமா? வாடிக்கையாளர் இரண்டு சதவீதம் குறைக்கச் சொல்கிறார், குறைக்கலாமா? ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் ஓட்டலாமா? வந்த சரக்கைத் திருப்பி அனுப்பலாமா? ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்றை எழுதுங்கள்: சிக்கலை முதலில் பார்த்தவர் யார், முடிவு சொன்னவர் யார், இடையில் எவ்வளவு நேரம் போனது. இதை நீங்களே நினைவிலிருந்து எழுதினால் தப்பாக வரும். சூப்பர்வைசரையும் ஸ்டோர்ஸ்காரரையும் உட்காரவைத்துக் கேட்டு எழுதுங்கள்.

பெரும்பாலும் மூன்றாவது கட்டத்தில்தான் லாபம் ஒழுகிக்கொண்டிருக்கும். எழுநூறு ரூபாய் டூலுக்காக அரை ஷிஃப்ட் நின்றது அங்கே தெரியவரும். அப்படித் தெரிந்தவற்றுக்கு மட்டும் ஓர் எல்லை போடுங்கள். உதாரணத்துக்கு, ஐந்தாயிரம் ரூபாய் வரை சூப்பர்வைசர் யாரையும் கேட்காமல் வாங்கலாம். அளவு தப்பிய சரக்கை அவரே நிறுத்தலாம். விலைக் குறைப்பு உங்களிடம்தான் வர வேண்டும். எல்லையை வாயால் சொல்லாமல் எழுதி ஒட்டுங்கள். கணக்குப்பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பில் வரும்போது "ஐயா கையெழுத்து எங்க?" என்று அவர் கேட்டு எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடுவார்.

எல்லைக்குள் அவர் எடுத்த முடிவு தப்பாகப் போகும் நாள் வரும். அன்றைக்குத்தான் நீங்கள் போட்ட அமைப்பு நிற்குமா விழுமா என்று தெரியும். "யார் செஞ்சது?" என்று தொடங்காதீர்கள். "எங்கே தெரிஞ்சுது, அப்போ என்ன பார்த்தீங்க?" என்று கேளுங்கள். எல்லைக்குள் எடுத்த முடிவை எல்லோர் முன்னாலும் மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் அவரையே கூப்பிட்டு அவர் வாயாலேயே மாற்றச் சொல்லுங்கள்.

அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் ஆலைகளில் இன்னொரு வியாதி உண்டு. பெரியவர் காலையில் ஒரு வாடிக்கையாளர் வேலையை ஏற்றச் சொல்லியிருப்பார். பதினொரு மணிக்குச் சின்னவர் வந்து, "அதை இறக்கு, இது அவசரம்" என்பார். செட்டிங் மாற்றவே ஒரு மணி நேரம் போகும். போர்மேன் யார் பேச்சைக் கேட்டாலும் ஒருவரிடம் வசவு நிச்சயம். அதனால் இரண்டையும் பாதி பாதி செய்து வைப்பார். மச்சான் பர்சேஸில் இருந்தால் கதை இன்னும் நீளும். சரக்கு மட்டம் என்று சொல்வது குடும்பத்தைக் குறை சொல்வதாகிவிடும், எனவே யாரும் சொல்லமாட்டார்கள். ஃபோர்டின் பச்சைக் கட்டங்களுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. உற்பத்தி வரிசை ஒருவர் பொறுப்பு, விற்பனை ஒருவர் பொறுப்பு என்று பிரித்துவிட்டு, அவசரம் என்றால் அண்ணன் தம்பி இருவரும் போனில் பேசிக்கொண்டு, போர்மேனிடம் ஒருவர் மட்டும் சொல்வது என்று வையுங்கள். முதல் மாதம் இரண்டு பேருக்கும் கை அரிக்கத்தான் செய்யும்.

குழுத் தலைவர்களை எங்கிருந்து கொண்டுவருவது என்று கேட்பீர்கள். வெளியே தேட வேண்டாம். உங்கள் ஷாப் ஃப்ளோரில் ஏதாவது சிக்கலென்றால் மற்றவர்கள் தாமாகவே போய்க் கேட்கும் ஆள் ஒருவர் இருப்பார். "அண்ணே, இங்க கொஞ்சம் வந்து பாருங்க" என்று அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரை மெஷினிலிருந்து விடுவித்து ஆறேழு பேரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு மெஷினின் உற்பத்தி போகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும். ரிஜெக்ஷன் கணக்கையும் நின்ற நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சில யூனிட்டுகளில் இது கட்டுப்படியாகாது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் முதலாளியே குழுத் தலைவர்தான், அங்கே இந்த ஏற்பாடு எதுவும் தேவையில்லை. முப்பதைத் தாண்டும்போதுதான் இது கேள்வியாகிறது. அந்தக் கட்டத்தில்தான் பலரும் முன்போலவே எல்லாவற்றையும் தானே பார்க்க முயன்று மூச்சு வாங்குகிறார்கள்.

மூன்று மாதம் கழித்து அந்தத் தாளை மறுபடி எடுத்து, காத்திருந்த நேரத்தை மட்டும் புதிதாக எழுதுங்கள். நேரம் குறையாத முடிவு ஏதாவது இருந்தால், அங்கே நீங்கள் போட்ட எல்லை வேலைக்குப் போதாத அளவு சிறியது, அல்லது ஒருமுறை அவர்கள் முடிவெடுத்தபோது நீங்கள் குறுக்கே போயிருக்கிறீர்கள். இரண்டில் எது என்று அந்தப் பகுதி சூப்பர்வைசரைத் தனியாகக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். முதலில் "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்பார். அவசரப்படாமல் உட்கார்ந்திருங்கள்.